செக்ரட்டரி பேரில் ஒரு சேவல்

நவஜோதி கோஆபரேட்டிவ் ஹவுசிங் சொசைட்டியில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கமிட்டி கூடும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான தலைக்கணக்கு, இருக்காது. கூட்டத்தை அரைமணி ஒத்திவைப்பார்கள். அரைமணி கழித்து அதே நாற்காலிகளில் அதே மூன்று பேர் உட்கார்ந்து, ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்று முடிவு செய்து, ஆணிக்கென்று ஓர் உபகுழு போடுவார்கள். உபகுழு வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போகும். அதற்குள் படமாக மாட்ட வேண்டிய பெரியவருக்கு வருஷத் திவசமே வந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட சொசைட்டி, பூமாரியின் கோழிகளை மட்டும் ஒரே காலையில் தூக்கிவிட்டது. அதற்குக் கோரமும் பார்க்கவில்லை, உபகுழுவும் போடவில்லை.

பூமாரி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தகரக் கொட்டகைக்கு மருமகளாக வந்தவள். ஜீன்ஸ் பேண்ட்டுக்குப் பட்டன் அடிக்கிற பட்டறையில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகளை டோம்பிவிலியில் கட்டிக் கொடுத்தாயிற்று. பில்டர் வந்து கொட்டகைகளை இடித்து ஏழு மாடி எழுப்பியபோது அவளுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை விழுந்தது. அடுக்களைக் கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு கோடு மாதிரி மண். அந்த மண்ணில் மூன்று கோழி வளர்த்தாள். அதில் ஒன்று செவலை. பட்டறையிலிருந்து அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் சுவர் ஓரத்திலிருந்து ஓடிவரும். சீரியல் பார்க்கிறபோது மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். சூப்பர்வைசர் இன்றைக்கு என்ன சொன்னான், லோக்கல் ட்ரெயினில் எவள் முழங்கையால் இடித்தாள் என்று பூமாரி எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வாள். வேறு யார் இருக்கிறார்கள் கேட்க?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. பூமாரி அதை யாரிடம் காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் சாக்குப்பையோடு வந்துவிட்டான். அன்று மத்தியானம் மொட்டைமாடியில் கமிட்டியின் அவசரக் கூட்டம். மிளகும் சீரகமும் வறுத்த வாசனை ஏழு மாடியையும் இறங்கி வந்து பூமாரியின் அடுக்களையில் நின்றது. சாயங்காலம் குப்பை டப்பாவில் செவலை இறகு கிடந்தது.

நேரே ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டாள். செக்ரட்டரி நெல்லையப்பன் சஃபாரி சூட்டில் உட்கார்ந்திருந்தார். இவருக்கும் பூமாரிக்கும் ஒரே பக்கத்து ஊர், ஒரே சாமி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் தன்னை 'நான்' என்று சொல்வதை விட்டுவிட்டார், 'சொசைட்டி' என்றுதான் சொல்லிக்கொள்வார். சொசைட்டிக்குத் தலைவலிக்கிறது, சொசைட்டி குளிக்கப் போகிறது.

"அந்தப் பறவைகள் விதிமுறைப்படி அப்புறப்படுத்தப்பட்டன. இதுக்கு மேல சொசைட்டி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். சொல்லும்போது பல்லிடுக்கைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.

தின்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூமாரி நாலு வசவு வைது, மண்ணை வாரித் தூற்றிவிட்டு, அழுது ஓய்ந்திருப்பாள். அப்புறப்படுத்தப்பட்டன என்றாரே, அதுதான் அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது. தின்ற வாய்க்குத் தின்றேன் என்று சொல்லக்கூட வலிக்குதோ. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று ஒரு முடிவெடுத்தாள். அந்த மனுஷன் வாயாலேயே தின்றேன் என்று சொல்ல வைக்க வேண்டும். சொன்ன பிறகும் விடக்கூடாது.

மழைக்காலம் போனது. அப்போதுதான் ஊருக்குள் 'பசுமை முற்றம்' என்று ஓர் இயக்கம் கிளம்பியது. கட்டடத்துக்குப் பின்னால் கோழி வளர்த்து, வீட்டு எச்சிலையெல்லாம் அதற்குப் போட்டு, குப்பையைக் குறைக்கிற சொசைட்டிக்கு விருது. சால்வை உண்டு, பேப்பரில் படம் உண்டு. செம்பூரில் ஒரு சொசைட்டி வாங்கிவிட்டது, அதன் செக்ரட்டரி சால்வையோடு நிற்கிற படம் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. நெல்லையப்பனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாளே கமிட்டியைக் கூட்டினார். நேற்றுவரை சுகாதாரக் கேடாக இருந்த கோழி, அன்று காலையிலிருந்து சுற்றுச்சூழலாக மாறிவிட்டது.

கோழி உபகுழு அமைக்கப்பட்டது. தலைவர் சேர்மன் வேங்கடசுப்ரமணியன். முன் விங்கில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்தவர், ஆபீஸ் உத்தியோகத்தில் ரிட்டயர் ஆனவர், வெங்காயம்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். பொருளாளர் அப்துல் வாஹித். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறார், எந்தக் கூட்டத்திலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி எப்போது முடியும் என்பதுதான். பைலாப்படி ஒரு பெண் உறுப்பினர் வேண்டும். கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் லிஃப்டை நிறுத்திவிட்டு மாடிப்படியில் ஓடித் தப்பித்தார்கள். பூமாரி மட்டும் சரி என்றாள். டீ போட ஒரு ஆள் கிடைத்ததென்று நெல்லையப்பனுக்கும் நிம்மதி. பொம்பளை திருந்திவிட்டாள் என்றே நினைத்தார்.

முதல் கூட்டத்தில் சேர்மன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவந்த காகிதங்களை வாசித்தார். கொல்லையில் வளர்க்கிற கோழி சிநேகமாகப் பழக வேண்டும், வெயிலுக்கும் மழைக்கும் நோய்க்கும் தாங்க வேண்டும், அதற்கேற்ற ஜாதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளை லெகார்ன் முட்டையாகப் போட்டுத் தள்ளும், ஆனால் தொட்டதுக்கெல்லாம் மிரளும். கடக்நாத் தோலும் கறியும் கறுப்பு, எந்தச் சூழலையும் தாங்கும். கிரிராஜா உடம்பு பெருத்த சாது. அசீல் எதற்கும் அசையாது, ஆனால் இன்னொரு சேவலைப் பார்த்தால் விடாது.

இத்தனையும் நல்ல விஷயம்தான். ஆனால் கமிட்டி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கடக்நாத் மத்தியப் பிரதேசத்துக்காரன் ஆயிற்றே, மகாராஷ்டிராவில் பதினைந்து வருஷம் குடியிருந்ததற்குச் சான்று எங்கே என்று நெல்லையப்பன் கேட்டார். கோழி அவ்வளவு வருஷம் உயிரோடு இருக்காது என்று வாஹித் சொன்னதற்கு, அது விண்ணப்பதாரரின் பிரச்சினை என்றார். லெகார்ன் வெளிநாட்டு வம்சம், போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும். கிரிராஜா பெங்களூர்ப் பக்கம். ஆனாலும் பெயர் தன் சின்ன மாமனார் பெயர் மாதிரி இருப்பதால் ஆதரிக்கலாம் என்று சேர்மன் தெரிவித்தார்.

அடுத்து சேர்மன் தயங்கித் தயங்கி, கோழி என்ன சாப்பிடும் என்று கேட்டார். புழு, பூச்சி, கரப்பான், கிடைத்தால் பல்லியும் தின்னும் என்றார் வாஹித். சேர்மன் முகம் வெளுத்துவிட்டது. முன் விங்கில் அசைவக்காரர்களுக்கு வீடு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை, அப்படியிருக்க சொசைட்டியே ஓர் அசைவக் குடும்பத்தைக் குடிவைக்கலாமா என்று கலங்கினார். வெகுநேர விவாதத்துக்குப் பின், தேர்ந்தெடுக்கப்படும் கோழி கூடுமானவரை சைவமாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. கோழிகள் பின்னாளில் இடத்தைச் சொந்தம் கொண்டாடாமல் இருக்க, பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் வாடகை ஒப்பந்தத்தில்தான் கூட்டுக்குள் விட வேண்டும். தனிச் சேவலுக்கு அனுமதியில்லை. பேச்சிலர்களுக்கு இடம் தருவதில்லை என்பது சொசைட்டி தொடங்கிய நாளிலிருந்து உள்ள கொள்கை, குடும்பத்தோடு வந்தால் பரிசீலிக்கலாம்.

பூமாரிக்குப் பாதி விளங்கவில்லை. மூன்று கோழியை வளர்க்க அவள் யாரையும் கேட்டதில்லை, கோழியும் அவளைக் கேட்டதில்லை. டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வு ஆபீஸ் ரூமில் நடந்தது. தாராவியில் கோழிக்குஞ்சு வியாபாரம் பார்க்கிற தப்ரேஸ், தாணே பக்கத்துப் பண்ணையிலிருந்து ஜாதிக்கொரு கூடையாக டெம்போவில் கொண்டுவந்திருந்தான். மழையைத் தாங்குமா என்று பார்க்க வாட்ச்மேன் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினான். சத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க பம்ப் ரூமில் வைத்து மோட்டாரைப் போட்டார்கள். அதற்கும் அசராதவற்றுக்குக் கடைசிப் பரீட்சையாக நெல்லையப்பன் சொசைட்டியின் ஆண்டறிக்கையை வாசித்தார். லெகார்ன் முதல் பத்தியிலேயே பறந்து ட்யூப்லைட்டில் ஏறிக்கொண்டது. கிரிராஜா தூங்கிவிட்டது, அதைச் சேர்மன் பொறுமை என்று குறித்துக்கொண்டார். கடக்நாத் திரும்பி நின்றுகொண்டு கமிட்டிக்குப் பின்புறத்தைக் காட்டியது, ஒழுக்கக்கேடு என்று நிராகரிக்கப்பட்டது.

கடைசிக் கூடையில் ஒரு சேவல் இருந்தது. அசீலும் நாட்டுக்கோழியும் கலந்தது, நெடிய கழுத்து, மிளகாய்ப் பழ நிறத்துக் கண். ஐந்தாறு பெட்டைகளோடு வந்திருந்ததால் பேச்சிலர் பிரச்சினை எழவில்லை. வளர்க்க வாங்கிப் போனவர்கள் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்ட சேவல் அது. தப்ரேஸ் அந்த விவரத்தை விட்டுவிட்டு, "அண்ணே, ஏக்தம் ஃப்ரெண்ட்லி, பச்சப்புள்ள மாதிரி" என்று மட்டும் சொன்னான்.

சிநேகப் பரீட்சைக்குக் கமிட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்துகொள்ள வேண்டும், கோழி தானாக யாரிடமாவது வர வேண்டும். அதற்குமுன் பூமாரி எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்தாள். நெல்லையப்பனுக்குத் தட்டை நீட்டும்போது கை கொஞ்சம் சாய்ந்தது. சஃபாரிச் சட்டையின் மடிப்பிலும் மடியிலும் கடலை சிந்தியது. அவர் பாதியைத் தட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டார். சேவல் கூடையிலிருந்து இறங்கியது, சேர்மனைத் தாண்டியது, வாஹித்தைத் தாண்டியது, நேரே செக்ரட்டரியிடம் போய் மடியில் தலையை வைத்தது.

நெல்லையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியளா. பொறுப்பு யாருகிட்ட இருக்குன்னு வாயில்லாச் சீவனுக்குத் தெரியுது. மூணு எலெக்‌ஷனா எதிர்த்து நிக்க ஆளே இல்லாம சொசைட்டி ஜெயிச்சிருக்கு. ஏன் நிக்கல? சொசைட்டி யாரு நாமினேஷனையும் வாங்கலங்கதுனால இல்ல, மக்கள் நம்பிக்கை. இந்தச் சேவலுக்கு இருக்க அறிவு இங்க குடியிருக்கவனுக்கெல்லாம் இருந்தா சொசைட்டி எங்கயோ போயிருக்கும்" என்றார்.

சேவல் தேர்வானது. அது செக்ரட்டரியின் நேரடிப் பொறுப்பில், செக்ரட்டரி பேரிலேயே இருக்கும் என்று அவரே சொல்லி எழுத வைத்தார். பூமாரி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

திறப்பு விழா நடந்தது. கூண்டு எங்கே கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? செவலை ஓடித் திரிந்த அதே கோடு மண்ணில்தான், பூமாரியின் அடுக்களைக் கதவுக்கு எதிரே. பசுமை முற்றத்துக்காரர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். ரிப்பன் வெட்டினார்கள். நெல்லையப்பன், பறவைகளின்பால் சொசைட்டி எப்போதும் கொண்டிருக்கும் அன்பைப் பற்றி மைக்கில் பேசினார். பூமாரி கேட்டுக்கொண்டு நின்றாள். பெண் உறுப்பினர் வந்து சேவலுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று அழைத்தார்கள்.

அவள் ஒரு செம்புத் தண்ணீரும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்தாள். கயிற்றைச் சேவலின் காலில் கட்டினாள். ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி, "சொடலமாடசாமி, எங்க நெல்லையப்பன் அண்ணாச்சிக்கு ஒரு கொறையும் வரக்கூடாது. அவுக பேருல, அவுக உசுருக்கு ஈடா, இந்த உசுர ஒனக்கு நேந்து விடுதேன். கொடையன்னைக்கு என் கையால கொண்டாந்து ஒப்படைப்பேன். ஒனக்குச் சம்மதம்னா உத்தரவு குடு" என்று தண்ணீரைத் தெளித்தாள்.

சேவல் தலையிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து உதறியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பெண்கள் குலவை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் இதுவும் கலைநிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்.

தெற்கத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்ந்துவிட்ட சேவல் அன்றைக்கே சாமி சொத்து. கொடை என்கிற கோயில் திருவிழாவில் பலி கொடுக்கிற நாள்வரைக்கும் அதைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, விற்கக் கூடாது. யார் உயிருக்கு ஈடாக நேர்ந்தார்களோ அந்த ஆளின் உயிர் சேவலின் காலில் கட்டிய கயிற்றில் இருக்கிறது. சேவலுக்கு ஏதாவது ஆனால் சாமி அடுத்து இவரிடம்தான் வருவார். நெல்லையப்பன் மைக்கைப் பிடித்தபடி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி மாரிசெல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பூமாரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் வயித்துல பால வாத்துட்டிய மதினி" என்றாள். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். சாமிக்கு நேர்ந்தது சேவல் என்பதால், கொடை முடிகிற வரைக்கும் வீட்டுக்காரர் கோழிக்கறியும் முட்டையும் தொடக் கூடாது. நெல்லையப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கோழியில்லாமல் கழித்த மனுஷன் இல்லை.

மறுநாள் காலை சேவலின் சிநேகம் வெளிப்பட்டது. பெண்களிடம் குழைந்தது, குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தால்கூடப் பொறுத்துக்கொண்டது. சஃபாரி சூட்டைப் பார்த்ததும் ஓர் ஆள் உயரம் எழும்பியது. நெல்லையப்பன் குடையை ஓங்கினார். நாலாவது மாடியிலிருந்து மாரிசெல்வி, "ஏங்க, அது ஒங்க உசுருங்க" என்று அலறினாள். குடை அப்படியே கீழே இறங்கியது. கட்டடமே பால்கனியில் நின்று, பொறுமையாக இருங்கள், உங்கள் நன்மைக்குத்தானே என்று புத்தி சொன்னது. அவர் தொடையில் கொத்து வாங்கிக்கொண்டு கைகட்டி நின்றார்.

அதிலிருந்து சொசைட்டியின் வேலையெல்லாம் சேவல் வேலையாகிவிட்டது. உறுப்பினர்கள் சேவலிடம் மரியாதையாக நடந்துகொள்ளும்படி சர்க்குலர் வந்தது. ஸ்கூட்டர்களை கேட்டிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பூனை நடமாட்டத்தைக் கண்காணிக்க வாட்ச்மேனுக்கு ஸ்டூல் மாற்றிப் போடப்பட்டது. விடியுமுன்னே கூவுகிறது என்று சேர்மன் புகார் எழுதினார். அந்தக் கூவல் செக்ரட்டரியின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான், சேர்மனுக்கு மிச்சசொச்சம்தான் கேட்கும். ஆனாலும் செக்ரட்டரி, அது பாரம்பரிய ஒலி, சொசைட்டி அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டுள்ளது என்று தூக்கம் கெட்ட கண்ணோடு பதில் எழுதினார். எழுதும்போது சேவல் மேஜைமேல் நின்று பேனாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

மழை தூறினால் மாரிசெல்வி அதை மாடிக்குத் தூக்கிப்போய் ஹாலில் விட்டாள். அது சோபாவில் படுத்தது, அவர் தரையில் படுத்தார். அது ஒரு தும்மல் போட்டால் இவருக்குக் கஷாயம். இரண்டுக்கும் ஒரே உயிர்தானே, எந்தப் பக்கம் வைத்தியம் பார்த்தால் என்ன என்பது அவள் நியாயம். வருஷத்துக்கொரு முறை கோழிக்கு இறகு உதிரும், அது வழக்கம். அதற்காக நெல்லையப்பன் தலையில் இரண்டு வாரம் சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்த்தாள். கமிட்டிக் கூட்டத்தில் சேவல் செக்ரட்டரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை, அவர் நின்றபடியே நடத்தினார். வாஹித் தலைகளை எண்ணிவிட்டு, சேவலையும் சேர்த்தால் கோரம் சரியாக இருக்கிறது என்றார். நவஜோதியின் சரித்திரத்தில் கோரத்தோடு நடந்த முதல் கூட்டம் அதுதான்.

விருதுக்குப் பார்வையிட வந்த பசுமை முற்றத்துக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. ஒரு செக்ரட்டரி பறவைக்கு இவ்வளவு இடம் கொடுத்து அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லை. சால்வை வந்தது. அதைப் போர்த்திய கையோடு சேவல் அதில் எச்சமிட்டது. பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது.

பூமாரி தினமும் பட்டறை விட்டு வந்து, அடுக்களைப் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பாள். மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

சீக்கிரம் கொடையை நடத்திவிட்டால் சேவல் சாமியிடம் போய்விடும், தான் பிழைத்துக்கொள்ளலாம் என்று நெல்லையப்பனுக்கு ஒருநாள் உறைத்தது. தாராவியில் அவர்கள் ஆட்கள் கட்டிய சுடலைமாடன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் கமிட்டிக்கும் செக்ரட்டரி யார் என்று நினைக்கிறீர்கள், இவரேதான். கொடை நடந்தே பல வருஷமாகிறது. நடந்தால் எதிர்க்கோஷ்டிக்கு முதல் மாலை மரியாதை போய்விடும் என்று, அது நடக்கவே நடக்காதபடி இவர்தான் விதிகளைப் போட்டு வைத்திருந்தார். வரி கொடுக்கிற குடும்பம் ஒவ்வொன்றிடமும் ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒருத்தர் கையெழுத்து குறைந்தாலும் கொடை கிடையாது. கூட்டத்தில் கோரம் இல்லையென்றால் அடுத்த வருஷம்தான், அரைமணி கழித்துக் கூடுகிற வேலையெல்லாம் கோயிலில் செல்லாது.

நெல்லையப்பன் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். டோம்பிவிலிக்கு லோக்கலில் நசுங்கிப் போனார். அந்த வீட்டுக்காரர், முறைப்படி கோயில் செக்ரட்டரியின் கடிதத்தோடு வாருங்கள் என்றார். செக்ரட்டரிதான் வந்திருக்கிறது என்றதற்கு, அதைக் கடிதத்தில் சொல்லச் சொன்னார். தாணேயில் இருக்கிற குடும்பத்தை இவரே வரியிலிருந்து நீக்கி வைத்திருந்தார், ஆனால் கையெழுத்துப் பட்டியலில் அவர்கள் பெயர் அடிபடாமல் அப்படியே இருந்தது. முதலில் எங்களைச் சேருங்கள், அப்புறம் ஆட்சேபம் உண்டா இல்லையா என்று யோசிக்கிறோம் என்றார்கள். சேர்க்க வேண்டுமென்றால் பொதுக்கூட்டம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் கோரம் வேண்டும். கோரத்துக்கு அந்தத் தாணேக் குடும்பம் வேண்டும். தேய்ந்த செருப்போடு வந்து வாஹித்தின் பட்டறையில் உட்கார்ந்தார்.

"பாய், எவன்வே இந்த ரூலையெல்லாம் போட்டது? மனுசன் ஒரு காரியம் நடத்த முடியுதா?" என்று கேட்டார்.

வாஹித் அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு டீ சொன்னார்.

இனி ஒரே வழிதான். நேர்ந்தவளே சாமியிடம் சொல்லி, இந்தப் பேரை விடுவித்துவிடு என்று மன்றாடினால் உண்டு. ஒரு ஞாயிறு மத்தியானம் நெல்லையப்பன் பூமாரியின் அடுக்களைக் கதவுக்கு வந்தார். சஃபாரி இல்லை, வேட்டி கட்டியிருந்தார். சேவல் வேட்டியைக் கண்டும் ஏமாறவில்லை, பின்னாலேயே வந்து நின்றுகொண்டது. உள்ளே அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கறிக்கடையில் காசு கொடுத்து வாங்கிய கறி. பூமாரி கோழி தின்னாதவள் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்ட கோழியைத் தின்னமாட்டாள், அவ்வளவுதான்.

"முன்னால நடந்த அந்த விசயம் தொடர்பா சொசைட்டி வருத்தம் தெரிவிக்குது" என்று ஆரம்பித்தார்.

"எந்த விசயம் அண்ணாச்சி?"

"அந்தப் பறவைகள்."

"அதுக்கு என்ன ஆச்சு?"

"அப்புறப்..." என்றவர் நிறுத்தினார். சேவல் கழுத்து மயிரை விரித்தது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "தின்னுட்டோம் பூமாரி."

"யாரு தின்னா? சொசைட்டியா?"

"நாந்தான். நாந்தான் தின்னேன். அந்தச் செவலக் கோழி காலு ரெண்டையும் ஒருத்தருக்கும் குடுக்காம நானே தின்னேன்."

பூமாரி கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. காலு ரெண்டையும் என்றதும், அந்தக் கால் இரண்டும் தன் மடியில் மடங்கிக் கிடந்த சூடு ஞாபகம் வந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்க வந்த ஆள் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்காகக் கோழிக்கறி படாத நாக்கு, உள்ளேயிருந்து வருகிற வாசனை வேறு. கண்ணை மூடிக்கொண்டு, எச்சிலை விழுங்கிவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார் நெல்லையப்பன். அவர் வாயிலிருந்து கமிட்டி கலக்காமல் வந்த ஒரே உண்மை அதுதான்.

பூமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கவலப்படாதீய அண்ணாச்சி. இந்தச் சேவல நான் சாமிக்கு அறுக்க மாட்டேன். அது என்ன பாவம் பண்ணிச்சு? அதது ஆயுசு மட்டும் இருந்துட்டுப் போவட்டும்னு நேத்தே போய்ச் சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டேன். நான் ஒரு கொறையில்லாமப் பாத்துக்கிடுதேன், பாதாம்பருப்பு வேணும்னாலும் போடுதேன். அது உசுரோட இருக்க மட்டும் நீங்களும் நல்லா இருப்பிய."

"அப்ப வெரதம்?" என்று கேட்டார் நெல்லையப்பன். கண் அடுப்புப் பக்கம் போனது.

"அதுவும் இருக்கும்லா."

அவர் எழுந்து போகப் பார்த்தார். சேவல் வழியை மறித்து நின்றது, ஒரு பக்கத்துக் கண்ணால் அவர் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரட்ட முடியாது, தாண்டவும் முடியாது. பழையபடி படியிலேயே உட்கார்ந்தார். பூமாரி குழம்பை இறக்கினாள், தட்டில் சோறு போட்டாள், மேலே நாலு துண்டும் நிறையக் குழம்பும் ஊற்றினாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து அதே படியில், அவருக்கு ஒரு முழம் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கும் ஒரு வாய் வச்சிருப்பேன், வெரதமாப் போச்சே" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.